தேதி சொல்லுங்கள், காத்திருக்கிறோம்

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு என் அண்ணன் மகளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. தட்டில் தோசை ஆறிப்போனாலும் பரவாயில்லை. அந்த நேரம் ஜப்பானில் திங்கட்கிழமை பிறக்கிறது. அங்கே வாரப் பத்திரிகையில் வரும் மங்கா என்கிற படக்கதைத் தொடர்களின் புது அத்தியாயம் அதே நேரத்தில் 'மங்கா பிளஸ்' செயலியில் ஆங்கிலத்தில் ஏறிவிடும். இருபது பக்கம் இருந்தால் அதிகம். ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிடுவாள். அப்புறம் வாரம் பூராவும் ஸ்கூல் வேனிலும் வாட்ஸ்அப்பிலும் ஆராய்ச்சி நடக்கும். கடைசிக் கட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது யார்? செத்தவன் நிஜமாகவே செத்தானா?

சில ஞாயிறுகளில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவாள். "இந்த வாரம் பிரேக், அத்தை." எய்ச்சிரோ ஓடா ஓய்வெடுக்கிறார் என்று அர்த்தம். அந்த மனிதர் 'ஒன் பீஸ்' வரையத் தொடங்கியது 1997ல். ஆயிரத்து நூறு அத்தியாயங்களைத் தாண்டியும் இன்னும் முடிந்தபாடில்லை. தொடங்கியபோது என் அண்ணனுக்கே மீசை சரியாக முளைக்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருநாள் சொன்னாள்: "இதுல என்ன அதிசயம்? எங்கம்மா கல்கிக்கு இப்படித்தான் நின்னாங்க." தாத்தா பின்னி மில் தொழிலாளி. பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒற்றை அறை வீடு. மெட்ராஸ் ரயிலில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும் நாளன்று பாட்டி கடைப் பையனுக்கு முன்கூட்டியே காசு கொடுத்து வைப்பாளாம். 'பொன்னியின் செல்வன்' 1950லிருந்து 1954 வரை அப்படி வாராவாரம் வந்த கதை. பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய ஒரு தொகுதி எங்கள் வீட்டில் வெகுநாள் இருந்தது. நடுவில் ஒரு வாரத்துப் பக்கம் இல்லை. அந்த வாரம் என்ன நடந்தது என்று பாட்டி வாயால் சொன்னதைக் கேட்டுத்தான் அம்மா அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருக்கிறாள்.

வாராவாரம் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டு 'தொடரும்' போடுகிற வித்தை நம் வீட்டுச் சொத்து. இப்போது அது டோக்கியோவிலிருந்து வருகிறது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஒரு பொறாமை உண்டு, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று ஒரு வருஷம் முன்பே தெரிந்துவிடுகிறது. முதலில் தலைப்பு வெளியாகும். பிறகு அட்டை. பிறகு சில பக்கங்கள். முன்பதிவு செய்தால் புத்தகத்தோடு ஒரு ஸ்டிக்கர். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் தேதி 2026 ஜூலை 2. ஆலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்' ஆறாவது தொகுதி, அதோடு கதை முடிகிறது. இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கும் இரண்டு பையன்கள் ஒருவரை ஒருவர் நேசிக்கிற கதை. 2016ல் இணையத்தில் சின்னச் சின்னப் பகுதிகளாக வெளியானது. 2018ல் வாசகர்களிடமே பணம் திரட்டி அச்சில் வந்தது. அந்த 2018 செப்டம்பரில்தான் நம் உச்ச நீதிமன்றம் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் கொடுக்கை ஒடித்தது.

இந்தப் புத்தகத்தை அவள் என்னிடம் கொடுத்தபோது கொஞ்சம் வேவு பார்க்கிற முகத்தோடுதான் கொடுத்தாள். அத்தை எந்தப் பக்கத்தில் முகம் சுளிக்கிறாள் என்று பார்க்க. நான் சுளிக்கவில்லை, ஆனால் ஆரம்பத்தில் கொட்டாவி வந்தது உண்மை. இரும்புக்கை மாயாவியையும் வேதாளனையும் தின்று வளர்ந்தவளுக்கு, ஒருவன் 'ஹாய்' சொல்ல இன்னொருவன் 'ஹாய்' சொல்வதை நம்பி பக்கம் பக்கமாகப் போகும் கதை என்ன சுவைக்கும்? முதல் தொகுதியின் பாதியில்தான் பிடிபட்டது. ஓஸ்மன் கட்டங்களுக்கு நடுவே வெள்ளையை அவ்வளவு தாராளமாக விடுகிறார். ஒருவன் தூங்குகிறான், இன்னொருவனின் கை அருகில் வருகிறது, தயங்குகிறது, விலகுகிறது. வசனம் கிடையாது. நமக்குப் பழக்கமான காமிக்ஸில் அந்த இடத்தில் ஒரு 'டுமீல்' இருக்கும்.

"உங்க காலத்துல இந்த மாதிரி யாரும் இல்லையா அத்தை?"

"இருந்தாங்க. புத்தகத்துல இல்ல."

அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜூலையில் சர்ச் ஸ்ட்ரீட்டுக்குச் சேர்ந்து போவதாகப் பேச்சு. பிளாஸமா புக்வோர்மா என்பதில்தான் தகராறு. அவளுக்கு மங்கா அடுக்கு எங்கே பெரிதோ அந்தக் கடை. எனக்கு மாடியில் பழைய புத்தகம் கிடைக்கும் கடை.

அமெரிக்காவில் இளையோர் நூலுக்குத் தரும் பிரின்ட்ஸ் விருது 2007லேயே ஒரு கிராஃபிக் நாவலுக்குப் போய்விட்டது. 2017ல் மறுபடி, 2025ல் மறுபடி. படக்கதை படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று இன்றும் சொல்லும் தலைமையாசிரியர்களுக்கு இந்தத் தகவலை யாராவது சேர்க்கலாம். இங்கே பெங்களூரிலேயே தரும் நீவ் புத்தக விருதிலும் இளையோருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. நடுவர்கள் படிப்பது ஆங்கிலப் புத்தகங்களை.

இனி தமிழுக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்து, அடுத்த வருஷம் என்ன வரப்போகிறது என்று வாசகனுக்கு முன்கூட்டியே பட்டியல் போட்டுச் சொல்லி, சந்தா வாங்கி, மாதாமாதம் பார்சல் அனுப்புகிறவர்கள் தமிழில் சிவகாசிக்காரர்கள்தான். முத்து காமிக்ஸ் 1972ல் தொடங்கியது, லயன் 1984ல். 2012ல் வண்ணத்திலும் வழவழத் தாளிலுமாகப் புதுப்பிறவி எடுத்தார்கள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் வாசகர்கள் கூடுகிறார்கள். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நரை. டெக்ஸ் வில்லரின் குதிரைக் குளம்படி கேட்டால் இன்றும் நிமிர்ந்து உட்காரும் அந்த அண்ணன்களை எனக்குப் பிடிக்கும். காத்திருப்பது எப்படி என்று கற்றுக்கொண்ட தலைமுறை அது. பிரெஞ்சில் 1984ல் தொடங்கி 2007ல் 19ஆம் பாகத்தோடு ஒரு சுற்று முடிந்த தொடரை நாங்கள் 'இரத்தப் படலம்' என்று படித்தோம். கதாநாயகனுக்கு ஞாபகம் போய்விட்டது, கழுத்தெலும்புக்குக் கீழே XIII என்று பச்சை மட்டும் மிச்சம். பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவே ஆன இடைவெளியில் எங்களுக்கும் பாதி மறந்துவிடும். அதனால் அவன் நிலைமை எங்களுக்கு நன்றாகவே புரிந்தது.

அண்ணன் மகள் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஸ்கூலில் கன்னடம், ஹிந்தி. தமிழ், பாட்டியிடமும் கடை போர்டுகளிடமும் கற்றது. நாவலைக் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே மூச்சு வாங்கும். லக்கி லூக் என்கிற கௌபாய் காமிக்ஸ் கொடுத்தேன். ஒரு பலூனில் எட்டுப் பத்து வார்த்தை, மிச்சத்தைப் படம் சொல்லிவிடும். அட்டையிலிருந்து அட்டை வரை படித்து முடித்தாள். தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைக்கக் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் இந்த எட்டுப் பத்து வார்த்தைக் கணக்கைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஆனால் முடித்துவிட்டு அவள் கேட்டது: "நல்லாருக்கு. என்னை மாதிரி ஆளு யாராவது வர்ற புக் எப்போ வரும்?"

குதிரையும் துப்பாக்கியும் அவள் அப்பாவுக்குச் சரி. அவளுக்குப் பதினைந்து வயது, முகப்பரு, போர்டு எக்ஸாம், அல்சூர் ஏரி நாற்றம், மெட்ரோ கார்டில் பேலன்ஸ் இல்லாத அவஸ்தை. தமிழில் குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். அந்தப் படியைத் தாண்டினால் அடுத்தது நேராகக் கல்கியும் சுஜாதாவும். நடுவில் பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை கிட்டத்தட்ட வெட்டவெளி. 'ஓங்கில் கூட்டம்' என்று சிலர் சேர்ந்து அந்த வயதுக்கென்றே சின்னச் சின்ன நூல்கள் போட்டார்கள். விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' அதில் ஒன்று. பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிறு பற்றியது. பஸ்ஸில் அல்சூரிலிருந்து மல்லேஸ்வரம் போவதற்குள் படித்துவிடலாம். அவருக்கு 2025ல் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்காக பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. அடுத்து அவர் பதின்பருவத்துக்கு என்ன எழுதினாலும் என் பெயரை இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அது எப்போது என்று எப்படித் தெரியும்? தமிழ்ப் பதிப்புலகம் ஜனவரிக்காக வாழ்கிறது. டிசம்பர் கடைசியில் ஃபேஸ்புக்கில் அட்டைகள் கொட்டும். அட்டை வந்த பத்தாம் நாள் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகம். பொங்கலோடு எல்லாம் முடிந்து, பிப்ரவரியில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. காத்திருப்பதற்கு அவகாசமே தருவதில்லை. பெங்களூர்க்காரர்கள் பாடு இன்னும் மோசம். தமிழ்ச் சங்கத்து நூலகம், வருஷக் கடைசியில் நடக்கும் தமிழ்ப் புத்தகத் திருவிழா, இல்லையென்றால் கூரியர். (காத்திருப்பதைப் பற்றி அல்சூரில் உட்கார்ந்துகொண்டு ரொம்பப் புலம்பவும் முடியாது. ஏரிக்கரையில் நிற்கும் வள்ளுவர் 1991லேயே திறக்கப்பட வேண்டியவர். பதினெட்டு வருஷம் மூடிய துணிக்குள்ளேயே நின்று 2009 ஆகஸ்டில்தான் வெளிச்சத்தைப் பார்த்தார்.)

2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்கிற ஜப்பானிய அனிமேஷன் படம் தமிழிலும் வந்தது. தமிழில் பார்க்கவென்றே ஓசூர் போனோம். தமிழ் பேசும் அசுர வேட்டைக்காரர்களுக்கு விசில் பறந்தது. அண்ணன் மகளுக்கு முதலில் கூச்சம். ஜப்பானியக் குரல்தான் உசத்தி என்று வாதிடும் கூட்டம் அவளுடையது. இடைவேளைக்கு அப்புறம் அவளே வசனத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கதையின் அச்சுத் தொகுதியைத் தமிழில் எந்தக் கடை அலமாரியிலும் நான் பார்த்ததில்லை. மங்கா பிளஸ் செயலியில் தாய், வியட்நாமியம், இந்தோனேசியம் எல்லாம் இருக்கிறது. 2011 கணக்குப்படியே இந்தியாவில் மட்டும் 6.9 கோடிப் பேர் தமிழ் பேசுகிறோம். குரல் கொடுக்க ஆள் கிடைக்கிறது, அச்சடிக்க ஆள் கிடைக்கவில்லை.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, பதிப்பாளர்களைச் சும்மா திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஐரோப்பியப் படக்கதைக்கு உரிமை வாங்கினால் படமும் வண்ணமும் தயாராக வருகிறது. மொழிபெயர்ப்பு, எழுத்துக் கோப்பு, அச்சு, அவ்வளவுதான் செலவு. சொந்தமாக ஒரு கிராஃபிக் நாவல் என்றால் நூற்றைம்பது பக்கத்துக்கு ஓவியர் ஒரு வருஷமாவது உட்கார வேண்டும். அந்த ஒரு வருஷம் அவர் வீட்டு வாடகையை யார் தருவது? தமிழில் ஒரு புத்தகம் சில நூறு பிரதிகள் போடும் காலம் இது. அத்தனை பிரதியும் விற்றாலும் ஓவியருக்குக் கிடைப்பது பெங்களூரில் இரண்டு மாத வாடகைக்கு வருமா என்பது சந்தேகம். அதனால்தான் இந்த ஊர் இண்டி காமிக்ஸ் ஃபெஸ்ட் போன்ற இடங்களில் இளைஞர்கள் எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் என்று தாங்களே ஸ்டேபிள் அடித்து விற்கிறார்கள். நன்றாக இருக்கின்றன. எட்டுப் பக்கத்தில் முடிந்துவிடுகின்றன.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தும் எனக்கு ஒரு புத்தகத்தின் மேல் ஆசை. யாரும் அறிவிக்காத புத்தகம். கோலார் தங்கவயல்.

சினிமாக்காரர்கள் அதைத் தொட்டுவிட்டார்கள், தெரியும். எனக்கு வேண்டியது வேறு. என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருத்தர் தினமும் தங்கவயலிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் வருகிறவர். விடியலுக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் ஒன்பதரைக்கு இங்கே கார்டு தேய்க்க முடியும். அந்த ரயிலில் பாதிப் பேர் அப்படித்தான். அவர் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருந்தவர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். கூண்டில் இறங்குவதற்கு முன் ஆளுக்கொரு பித்தளை டோக்கன். ஷிஃப்ட் முடிந்து டோக்கன் பலகையில் திரும்ப மாட்டப்படாத எண் இருந்தால், அந்த வீட்டுக்கு ஆள் போகும். "எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா அப்பாவோட நம்பர் மட்டும் தெரியும்" என்றார். அந்த எண்ணைக் கோலத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி, அவர் திரும்பி வந்ததும் காலால் அழிப்பாராம்.

இதை ஒருவர் எழுத்தில் எழுதலாம். எனக்குப் படமாக வேண்டும். 2011ல் வந்த 'பீமாயணம்' அம்பேத்கர் வாழ்க்கையைச் சொல்லும் கிராஃபிக் நாவல். அதை வரைந்த கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க மறுத்தார்கள். பக்கம் முழுக்க மரமும் மீனும் மனிதனும் தளையில்லாமல் ஓடும். தங்கவயல் கதைக்கு இதற்கு நேர் எதிர் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டம், கட்டத்துக்குள் கட்டம். கூண்டு இறங்க இறங்கப் பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கட்டம் சுருங்க வேண்டும். ஓரத்துக் கறுப்பு ஏறிக்கொண்டே வர வேண்டும். அடியில் போய்ச் சேரும்போது தீப்பெட்டியளவு வெளிச்சத்தில் ஒரு முகம். மை செலவைப் பார்த்து அச்சகத்துக்காரர் அழுவார்.

கதை நடக்கும் வருஷம் 2001. பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். கதாநாயகிக்குப் பதினைந்து வயது. மூடிய கையோடு எஸ்எஸ்எல்சி பரீட்சை வருகிறது. 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் அது, பெங்களூருக்கே விளக்கு எரிந்தது அதற்கப்புறம் 1905ல். அந்த ஊரில் அந்தப் பெண் அப்பாவின் முகத்தை முதல் தடவையாகப் பகல் வெளிச்சத்தில் நாள் முழுக்கப் பார்க்கிறாள். வேலை போன மனிதர் வீட்டில் என்ன செய்வார், எங்கே உட்காருவார்? தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் விளையாடும் தம்பி. மாரிக்குப்பம் ரயிலில் முதல் தடவை பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பும் அம்மா. பேசுகிற தமிழில் வட ஆற்காடும் கன்னடமும் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து கிடக்கும். தங்கவயலுக்கு அது ஒன்றும் புதுசில்லை.

நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். ஒரிஜித் சென் நர்மதை அணையால் ஊரை இழந்த மக்களைப் பற்றி 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' வரைந்தது 1994ல். இந்தியாவின் முதல் கிராஃபிக் நாவல் என்று அதைத்தான் பலரும் சொல்கிறார்கள். வந்த சுருக்கில் காணாமல் போய், வெகுகாலம் நகலெடுத்த பிரதிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. 2022ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் மறுபடி அச்சிட்டது. அண்ணன் மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். கறுப்பு வெள்ளை பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள், பிறகு ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "இவர் அடுத்தது எப்போ போடுவார்?" என்றாள். ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம்.

தங்கவயல் கதையை அவளிடம் சொன்னேன். காதைக் கொடுத்துத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு நிபந்தனைகள் போட்டாள். அந்தப் பொண்ணு புத்தகத் தமிழ் பேசக் கூடாது. ஃபாண்ட் பெரிசா இருக்கணும். கடைசியில் கலெக்டர் ஆகக் கூடாது. விலை ஐந்நூறைத் தாண்டக் கூடாது. ரெண்டாவது பாகம் இருந்தா முதல் பாகத்திலேயே தேதி போட்டுடணும்.

விலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நான் சம்மதம். ஐந்நூறுக்கு அவ்வளவு கறுப்பு மை கட்டுப்படியாகாது, கண்ணு. யாராவது இதை வரைந்துகொண்டிருந்தால், பாதியில் நின்றிருந்தாலும் சரி, சொல்லுங்கள். முன்பணம் அனுப்ப இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். மாரிக்குப்பம் ரயிலிலும் கேட்டுப் பார்க்கிறேன், அங்கே ஒரு பெட்டி ஆள் தேறும்.